நீட்டாத விரல்

நிச்சயதார்த்த மேடையிலிருந்து தில்லைநாயகி எழுந்து போன புதிதில், "அந்தப் பொண்ணு" என்று தெரு சொல்லும்போதெல்லாம் கூடவே ஒரு விரலும் நீளும். விரலுக்கும் சோம்பல்பட்டவர்கள் மோவாயை ஆட்டுவார்கள். அதுகூடப் பரவாயில்லை, திரும்பி நின்று "என்னவாம்?" என்று அவள் கேட்டால், விரல் முந்தானைக்குள் பதுங்கிவிடும். போகப்போக விரலே தேவைப்படவில்லை. எங்கோ பார்த்துக்கொண்டு "அந்தப் பொண்ணு" என்றால் போதும், தெருவில் அத்தனை பெண்கள் இருந்தும் எல்லாருக்கும் அவள்தான் என்று புரிந்தது. விரலே இல்லாத ஊரில் யாரோடு சண்டைக்குப் போவது?

இன்று ரேஷன் கடை வரிசையில், நேற்றுத்தான் குடிவந்தவள் கேட்டாள்: "சர்க்கரை இருக்குமாக்கா?"

"அந்தப் பொண்ணு மூஞ்சியில முழிச்சாச்சுல்ல, கிடைச்ச மாதிரிதான்," என்றாள் எதிர்வீட்டு வத்சலா.

"ஓ, அந்தப் பொண்ணா!" என்று சிரித்தாள் வந்தவள். பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, மகராசி!

பின்னால் நின்ற தில்லைநாயகி பையைக் கீழே வைத்தாள். வத்சலாவின் வலது கையைப் பிடித்து, ஆள்காட்டி விரலை மட்டும் நிமிர்த்தி, தன் நெற்றிப்பொட்டின் மேல் வைத்துக்கொண்டாள்.

"இப்பச் சொல்லுங்க."

எடை போடுபவர் தராசை நிறுத்தினார். வத்சலா கையை இழுத்துப் பார்த்தாள்.

"என்ன தில்லைநாயகி இது, எல்லாரும் பாக்குறாங்க, விடும்மா."

அவள் விடவில்லை.