நாலு அங்குலம்

பட்டறையில் பக்கத்தில் நின்ற பழைய ஜீப்பின் உயரத்தைப் பார்த்ததிலிருந்து வெள்ளை எஸ்யூவிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அண்ணே, சக்கரத்துக்கு மேல உங்க உடம்பை எவ்வளவு தூக்கினாங்க?"

"நாலு அங்குலம் தம்பி. எனக்கு முன்னாடி ரெண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆக்சில், தாங்கும். உனக்குச் சக்கரத்துக்கு ஒண்ணா தனித்தனியா இருக்கு, ரொம்பத் தூக்கினா சரிஞ்சு…"

"எனக்கும் நாலுதான்!" என்று அடம்பிடித்து எஸ்யூவி தன்னை உயர்த்திக்கொண்டது.

ஒரு வாரம் பாட்டை அலறவிட்டு ஊரெல்லாம் சுற்றியது. எட்டாம் நாள் மலைமேட்டில் அடிவயிற்றில் 'படார்' என்றது. பதறிப்போய்க் கீழே பார்த்தால், முன்சக்கரத்து ஆக்சில் ஒரேயடியாகச் சரிந்து, ரப்பர் உறை கிழிந்து, கிரீஸ் ஒழுக முறிந்து தொங்கியது.

"ஐயையோ! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வாரம் பூரா கடகடன்னு கத்தினேனே," என்று முனகியது ஆக்சில். "நீ பாட்டுச் சத்தத்தைத்தானே கூட்டினே!"