முறத்தில் விழுந்த வெயில்

காஜா பேராங் ஊரில், வீட்டு முற்றத்தில் மாலை வெயில் நழுவிக்கொண்டிருந்தது. பூங்காவனம் அலமாரிக் கண்ணாடியைக் கழற்றி வந்து, முறத்தின்மேல் ஒளியைத் திருப்பிப் பிடித்தாள்.

வேலிக்கு அப்பாலிருந்து பாக்கியலட்சுமி சிரித்தாள். "மிளகா வத்தலுக்கா இவ்ளோ பாடு? நாளைக்குக் காய வெச்சா ஆகாதா?"

"இன்னிக்கு விட்டா இனி எப்பவோ அக்கா!"

"சரி, காக்கா கொத்திடப் போகுது" என்று பாக்கியலட்சுமி ஒரு பழைய துணியை முறத்தின்மேல் வீசினாள்.

"ஐயோ, மூடாதீங்க!" பூங்காவனம் துணியைப் பிடுங்கி எறிந்தாள்.

முறத்தில் இருந்தது, வெயிலில் ஓடும் சின்ன ரேடியோ. பட்டாளத்தோடு காங்கோவுக்குப் போய், கடிதமே போடாத கணவனின் குரல், பட்டாளத்தார் வீட்டுக்குச் சேதி சொல்லும் நிகழ்ச்சியில், அதில் கரகரத்தது. "பூங்கா, நான் நடராஜன் பேசுறேன்..."

முற்றத்தில் நிழல் ஏறியது. குரல் தேய்ந்தது.

பாக்கியலட்சுமியின் வாசலில் இன்னும் வெயில் இருந்தது. அவள் தன் வீட்டு நிலைக்கண்ணாடியைத் தூக்கிவர ஓடினாள்.