வீட்டிலேயே பண்ணிக்கிறேன்

தையல்காரருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கையை விரித்துவிட்டன.

"ஆஸ்பத்திரி மெஷின் மட்டும் வேணாம் டாக்டர். என் சம்சாரம் அதுலதான் மூச்சு வாங்கி வாங்கிப் போய்ச் சேர்ந்தா. வீட்டுலயே வயித்து வழியா டயாலிசிஸ் பண்ணிக்கிறேன்" என்று கெஞ்சினார்.

"தனியாளா சமாளிப்பீங்களா?" என்ற டாக்டர், அரைமனதாக நர்ஸை வீட்டுக்கு அனுப்பினார்.

நர்ஸ் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் அவரால் வயிற்றுக் குழாயை மருந்துப் பையில் பொருத்த முடியவில்லை. ஊசியில் நூல் கோத்துப் பழகிய விரல்களுக்கே அது பிடிபடவில்லை. உடைந்து அழுதார்.

"எதுக்கு சார் அழறீங்க? அக்காதான் ஒரே தடவையில கத்துக்கிட்டாங்களே!" என்றாள் நர்ஸ்.

"எந்த அக்கா?"

"உங்க வீட்டம்மாதான். அதோ, சமையலறையில மருந்துப் பையைச் சூடு பண்ணிட்டு நிக்கிறாங்களே."

திரும்பிப் பார்க்க அவருக்குத் துணிவு வரவில்லை. நர்ஸின் கையை இறுகப் பற்றிக்கொண்டார்.

"நீயே பார்த்துச் சொல்லும்மா. இப்ப அவளுக்கு மூச்சு வாங்கலையே?"