நாலு மாசமும் பத்து நாளும்

“கனகரெத்தினம் அண்ணன் கேற்றடியில நிக்கிறாராம். உள்ளுக்கு வரச் சொல்லுங்க மகள். நான் அவரோட கதைக்கணும்.”

உம்மா ஸைனம்பு இப்படிச் சொன்னதும் முஸ்பிறா கையிலிருந்த தேத்தண்ணித் தட்டத்தை மெல்ல மேசையில் வைத்தாள்.

வாப்பா சரீப் மௌத்தாகி இன்றைக்கு ஏழாம் நாள். உம்மா வெள்ளைப் பிடவை உடுத்து இத்தாவில் இருக்கிறார். புருசனை இழந்தவள் நாலு மாசமும் பத்து நாளும் அந்நிய ஆணின் முகம் பாராமல் இருக்க வேண்டும். ஹோல் நிறைய யாசீன் ஓத வந்த பெண்கள். முஸ்பிறாவின் மாமியாரும் அதற்குள் இருந்தார்.

வாப்பாவைக் ‘காக்கா’ என்று கூப்பிடும் அவரது தங்கச்சி சபூறாவுக்குத்தான் முதலில் வாய் திறந்தது.

“என்ன மதினி, ஒங்களுக்கு விசரா? இத்தாவில இரிக்கிற பொம்புள ஆம்புளயக் கூப்பிட்டுக் கதைக்கிறதா?”

“அவர் திரைக்கு அங்கால நிக்கட்டும். மகளும் பக்கத்தில நிப்பா. ரெண்டு வார்த்ததான்.”

“ஊர் வாய மூட ஒங்கட திரை காணாதுகா! அந்தாள் காக்காட வயல் கூட்டாளி. காக்காவே போயிட்டார். இனி ஒங்களோட அவருக்கு என்ன கத?”

சபூறா விடுவதாயில்லை.

“தொண்ணூறாம் ஆண்டு தமிழ்-முஸ்லிம் பிரச்சினைக்குள்ள, புருசனச் சுட்டுப்போட்டாங்க எண்டு பொத்துவில் பொம்புள ஒண்டக் காக்கா கூட்டி வந்தாரே, மறந்திட்டீங்களா? இதே அறைக்குள்ளதான் இத்தா இருந்திச்சி. ஆருடயோ இத்தாவுக்கு என்ன கண்டிப்பு! எனக்கே முகத்தக் காட்டல்ல. தமிழாக்கள வீடு வீடாத் தேடி வந்த துவக்குக்காரனுகளயும், ‘உள்ளுக்கு இத்தா இரிக்கி, திரையத் தொடாதீங்க’ எண்டு வாசல்லயே நிப்பாட்டினீங்க. இப்ப ஒங்கட இத்தாவுக்கு அந்தக் கண்டிப்பு எங்க போச்சி?”

உம்மா கோபிக்கவில்லை. தஸ்பீஹ் மணி ஒன்றைத் தள்ளிவிட்டுச் சொன்னார்.

“அந்தக் கண்டிப்புதான் இப்பவும் சபூறா. மகள், போய்க் கூட்டி வாங்க.”

முஸ்பிறா கேற்றடிக்கு நடந்தாள். மனசு எங்கெங்கோ போனது.

வாப்பா வயல் வாடியில் காவலுக்குத் தங்கும் நாளெல்லாம் உம்மா இரண்டு சோற்றுப் பார்சல் கட்டுவார். மாட்டிறைச்சி ஆக்கினாலும் ஒரு பார்சலுக்கு மட்டும் மீன் பொரிப்பார். “அண்ணன் மாடு தின்ன மாட்டார்” என்பார். காரைதீவிலிருந்து வரும் அந்த மனிசன் கலியாணமும் முடிக்கவில்லை. ஏன் முடிக்கவில்லை? அந்த மீன் பொரியல் ஆருக்காக?

அஸ்தஃபிருல்லாஹ். பெற்ற உம்மாவைப் பற்றி நினைக்கிற நினைப்பா இது?

கனகரெத்தினம் தலையைக் குனிந்தபடி வந்தார். பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு வழிவிட்டார்கள். அழுதழுது அவருடைய கண்ணிரண்டும் வீங்கிப்போயிருந்தன.

“கட்டின பொஞ்சாதியே இப்பிடி அழல்ல,” என்றார் சபூறா, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அறைக்கு முன்னால் இருந்த சின்ன நடையில், திரைக்கு வெளியே அவர் நின்றார். முஸ்பிறா பக்கத்தில் நின்றாள்.

“அண்ணன், சாப்பிட்டீங்களா?” திரைக்குள்ளிருந்து உம்மாவின் குரல்.

“தொண்டைக்குள்ள இறங்குதில்ல தங்கச்சி.”

“ஊருக்குள்ள என்ன சொல்லுறாங்க?”

“என்ன முறைக்கு இந்த அழுகை எண்டு கேக்கிறாங்க. கூட்டாளிதானே, ரெண்டு நாள் அழுதாக் காணும் எண்டுறாங்க. நான் என்னத்தச் சொல்ல?”

பிறகு திரைக்குக் கீழால் ஒரு துணி மடிப்பு வெளியே வந்தது. பழுப்பேறிய வெள்ளைப் பிடவை.

முஸ்பிறா அதைக் கண்டிருக்கிறாள். வாப்பாவின் அலுமாரியில் அடித்தட்டில் கிடந்தது. வாப்பா அவளை அடித்த ஒரே அடி, சின்ன வயசில் விளையாட அதை எடுத்ததற்காகத்தான். ஆம்புளைக்கு எதற்கு உம்மா பிடவை கொடுக்கிறார்?

கனகரெத்தினம் அதைக் கையில் எடுத்தார். எடுத்தவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

“முப்பத்தி நாலு வருசமா அவர் இத ஒருத்தரையும் தொட விடல்ல அண்ணன். என்னையும்தான்.”

“தங்கச்சி… உங்களுக்குத் தெரியுமா?”

“ரெண்டு பேருக்கும் சோறு கட்டினவள் நான். எனக்குத் தெரியாதா?”

ஹோலில் சபூறா கழுத்தை நீட்டி எட்டிப் பார்ப்பது தெரிந்தது. முஸ்பிறா ஒரு எட்டு நகர்ந்து, குந்தியிருந்தவரை மறைத்துக்கொண்டு நின்றாள்.

உம்மாவின் குரல் தழுதழுக்காமல் வந்தது.

“அண்டைக்கு உசிரக் காப்பாத்த இதே பிடவைய உடுத்து இந்த அறைக்குள்ள பொய் இத்தா இருந்தீங்க. இப்ப வீட்ட போய் மெய்யா இருங்க அண்ணன். ஆர் என்ன முறை கேட்டாலும் ஒண்டும் சொல்லத் தேவல்ல, அழ வேண்டியதெல்லாம் அழுங்க. நாலு மாசமும் பத்து நாளும் முடிய, நம்ம ரெண்டு பேரும் ஒரே நாளில வெளிய வருவம்.”