பேச்சுத் துணை

கட்டுகஸ்தோட்டையில் இருந்த அந்த முதியோர் இல்லத்தில் ஏழெட்டுப் பேர்தான். அறைகள் துப்புரவாக இருந்தன. மேட்ரன்தான் சிங்களத்தில் தயங்கினாள்.

"இங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாதே. உங்கள் அம்மா யாரோடு பேசுவார்?"

"பரவாயில்லை" என்றாள் கமலவேணி.

வெளியே வந்ததும் கணவன் தம்பிராஜா சீறினான்.

"உமக்கென்ன விசரோ? பேராதனை இல்லத்தில முழுக்கத் தமிழ்ச் சனம். சாப்பாடும் எங்கட சாப்பாடு. அதை விட்டிட்டு மாமியை இஞ்ச ஊமையாக்கப் போறீரோ?"

"ஓம், ஊமையாத்தான் ஆக்கப்போறன்."

அவள் அவனை ஓரமாக இழுத்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"நேற்று நீங்கள் கந்தோருக்கு வேலைக்குப் போனாப்பிறகு ஆமிக்காரர் வீட்டைச் சோதிக்க வந்தவங்கள். அதில ஒருத்தன் நல்லாத் தமிழ் கதைச்சான். அம்மா அவன்ர கையைப் பிடிச்சு, 'தம்பி, இயக்கத்துக்குப் போன என்ர சின்னவனைக் கண்டனீரோ?' எண்டு கேட்டிட்டா. மறதிக்காரி எண்டு கும்பிட்டன். சிரிச்சிட்டுப் போயிட்டான். அடுத்தவன் சிரிப்பானோ? உங்களையும் பிள்ளையளையும் எல்லோ கொண்டுபோவாங்கள்?"

தம்பிராஜா திரும்பி உள்ளே போய் மேட்ரனிடம் படிவத்தை வாங்கிவந்தான்.

வெள்ளிக்கிழமை அம்மாவை அங்கே கொண்டுவந்து கதிரையில் இருத்திவிட்டுப் புறப்பட்டபோது, அவர் மகளின் சேலைத் தலைப்பைப் பிடித்தார்.

"பிள்ளை, இஞ்ச இருக்கிற ஆக்களிட்டைச் சின்னவனை விசாரிக்கலாமோ?"

"ஓம் அம்மா" என்றாள் கமலவேணி. "எல்லாரிட்டையும் கேளுங்கோ."