பக்கத்து ரூம் பாப்பா

"மாமா, இன்னைக்கு ஊசி போடறப்ப டீ குடிக்கப் போயிடாதீங்க. இங்கேயே இருங்க."

அக்கா மகள் கையைப் பிடித்துக்கொண்டதும் மாமா மெல்ல விடுவித்துக்கொள்ளப் பார்த்தார்.

"பக்கத்து ரூம் பாப்பா சுவரைத் தட்டுவாளே, பத்தாதா? அவளுக்கும் உன்னை மாதிரி கேன்சர்தான். எவ்வளவு தைரியமா இருக்கா!"

"அவ தட்டட்டும். நீங்களும் இருங்க."

பூட்டிக் கிடந்த பக்கத்து அறையில் யாரும் இல்லை; உடைந்த கட்டில்கள்தான் கிடந்தன. ஒவ்வொரு ஊசிக்கும், டீ குடிக்கிற சாக்கில் அங்கே போய்ச் சுவரைத் தட்டி வந்தது மாமாதான்.

நர்ஸ் ஊசியைப் போட்டாள். இன்று குட்டு வெளிப்பட்டுவிடும் என்று மாமா கண்ணை மூடிக்கொண்டார்.

டொக். டொக். டொக்.

"வந்துட்டா!" சிறுமி சிரித்துக்கொண்டே பதிலுக்குத் தட்டினாள்.

மாமா சட்டைப்பையைத் தடவினார். நர்ஸிடம் கெஞ்சி வாங்கிய, பக்கத்து அறையின் ஒரே சாவி பையிலேயேதான் இருந்தது.