ஆறட்டும் எஞ்சின்

பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சுட்டது.

ஆறட்டும், காத்திருக்கிறேன் என்றாள்.

கார்க்காரர் அசடு வழிந்தார். ஆள் வரும் நேரத்தில் மக்கர் பண்ணிவிடக் கூடாதே என்று கொஞ்ச நேரம் ஓடவிட்டு வைத்திருந்தாராம். மக்கர் பண்ணுமா என்று பார்க்கத்தானே வந்திருக்கிறேன் என்றாள் அவள், சிரிக்காமல்.

சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. வயதில் கார்க்காரரைவிடக் கொஞ்சம்தான் இளையது. மாடி ஜன்னலிலிருந்து இரட்டைக் குழந்தைகள் போட்டி போட்டுக்கொண்டு அழுதன. ஏன் விற்கிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை.

கூட வந்த அவள் அண்ணன் துணைக்கு வரவில்லை, தடுக்க வந்திருந்தார். பஸ்ஸில் வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தார். ஐம்பதைத் தாண்டியவள் வாங்குகிற வண்டியா இது, நடுவழியில் நின்றால் யார் தள்ளுவது, பெண் கொடுத்த இடத்தில் என்ன நினைப்பார்கள். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். முடிவெடுத்துவிட்டால் அவள் பதில் சொல்வதில்லை. இரட்டைச் சடை காலத்திலிருந்தே அப்படித்தான்.

கைப்பையை அவரிடம் கொடுத்தாள். கொண்டுவந்திருந்த பழைய போர்வையைத் தரையில் விரித்துக் காருக்கு அடியில் புகுந்தாள்.

கதவுக்குக் கீழே ஓடும் தகட்டை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனாள். டங், டங், டங். ஓரிடத்தில் பொத்தென்றது.

துருவை அடைத்துப் பெயின்ட் பூசியிருக்கிறார்கள் என்றாள். கார்க்காரரும் குனிந்து பார்த்தார். அவருக்கே தெரியாது என்பது முகத்தில் தெரிந்தது. உள்ளங்கை அளவுதான், வெட்டி எடுத்துப் பற்றவைத்துவிடலாம் என்று அவளே ஆறுதல் சொன்னாள்.

மிதியடியைத் தூக்கி முகர்ந்தாள். ஈர வாடை இல்லை. ஆயில் மூடியைக் கழற்றி உள்பக்கம் பார்த்தாள். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் படிகிற மோர் மாதிரி எதுவும் இல்லை. டயர்களின் உள்விளிம்பை ஒவ்வொன்றாகத் தடவினாள். பிறகு ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போன் போட்டு, இந்த மாடலுக்குத் தண்ணீர்க் குழாய் கிடைக்குமா என்று விசாரித்தாள். வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றார்கள்.

அப்படியானால் கூடவே இன்னொன்று வாங்கி டிக்கியில் போட்டுவைக்க வேண்டும் என்றாள். மலர்ந்துகொண்டிருந்த அண்ணன் முகம் மறுபடி வாடியது.

எஞ்சின் ஆறியது. சாவியைத் திருப்பினாள். இருமியது. மறுபடி இருமியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தாள். வெள்ளையாக வந்து, மெல்லக் காணாமல் போனது. ஆயில் எரிந்தால் வருகிற நீலம் இல்லை.

புறவழிச் சாலைக்குப் போகலாம், பறக்கும் பாருங்கள் என்றார் கார்க்காரர். வேண்டாம், மார்க்கெட் தெருவுக்குப் போகலாம் என்றாள். காலி ரோட்டில் எந்த வண்டியும் நன்றாகத்தான் ஓடும். நான் தினமும் ஓட்ட வேண்டும்.

இரண்டே இருக்கை என்பதால் அண்ணன் வாசலிலேயே நின்றுகொண்டார். மார்க்கெட்டில் இருவரும் ஒரு லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். ஏசியைப் போட்டுவிட்டு வெப்பமுள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். அடி எடுத்து வைப்பதும் நிற்பதுமாக வண்டி நகர்ந்தது. முள் ஏறியது. இன்னும் ஏறியது. உள்ளே எங்கோ ஃபேன் சுழலும் சத்தம் கேட்டது. முள் நின்றது.

அப்போதுதான் அவள் மூச்சு விட்டாள்.

வீட்டு வாசலுக்குத் திரும்பினார்கள். பேரம் இழுக்கவில்லை. சாவியை நீட்டும்போது கார்க்காரர் ஒன்று கேட்டார். அவ்வளவு நெரிசலில் வண்டி ஒருமுறைகூடக் குலுங்கவில்லை, அவருக்கே அப்படி ஓட்ட வராது, அவள் இப்போது என்ன வண்டி வைத்திருக்கிறாள் என்று.

அவள் வாயைத் திறப்பதற்குள், ஆஸ்பத்திரியில் வேலை என்று அண்ணன் முந்திக்கொண்டார். பெண் கொடுத்த இடத்திலும் இதைத்தான் சொல்லி வைத்திருந்தார்.

ஆமாம், ஆஸ்பத்திரியிலிருந்து பிணம் ஏற்றிப் போகிற வண்டியை ஓட்டுகிறேன் என்றாள் அவள்.

அண்ணன் தரையைப் பார்த்தார்.

அவள் நிறுத்தவில்லை. அந்த வண்டியை வீட்டுக்கு எடுத்து வரக் கூடாது என்று தெருக்காரர்கள் கூடிப் பேசிவிட்டார்கள், அதனால்தான் வேலைக்குப் போய்வர ஒரு வண்டி தேடுகிறாள். சாலையில் அந்த வண்டி வருவதைப் பார்த்தால் கடைக்காரர்கள் உள்ளே திரும்பிக்கொள்வார்கள். தாய்மார்கள் பிள்ளையின் முகத்தைத் தோளில் அழுத்திக்கொள்வார்கள். சிக்னலில் பக்கத்தில் நிற்பவர்கள் வேறெங்கோ பார்ப்பார்கள். இத்தனை வருஷமாக இப்படித்தான். அழாமல், குரல் உயர்த்தாமல், வழி சொல்வதுபோல் சொன்னாள்.

தன் அப்பாவைக் கொண்டுபோன அன்று, வண்டியை ஓட்டியவர் ஒவ்வொரு பள்ளத்திலும் மெதுவாக இறக்கி ஏற்றியது நன்றாக நினைவிருக்கிறது என்றார் கார்க்காரர். ஓட்டியது ஆணா பெண்ணா என்றுதான் நினைவில்லை.

சாவியை அவள் கையில் வைத்து, தன் இரண்டு கைகளாலும் மூடினார்.

அண்ணன் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, குனிந்து, மடங்கி, அந்தத் தாழ்ந்த இருக்கையில் ஏறினார். முழங்கால் தாடையில் இடித்தது.

“உனக்கு எதுக்குடி இந்த வம்பு? இதுல போனா ஊரே திரும்பிப் பாக்கும்.”

அவள் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் அடிவரைக்கும் இறக்கினாள்.

“பாக்கட்டும்ண்ணே.”